மல்லிகாவிடம் கொடுத்தனுப்பிய பெட்டி

போன வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மெல்போர்னிலிருந்து என் தம்பி செந்தில் வீடியோ காலில் வந்தான். புதிதாகக் கட்டிய வீட்டில் ஏணி மேல் நின்று திரைச்சீலை மாட்டிக்கொண்டே பேசினான். பேச்சோடு பேச்சாக ஒரு விஷயம் சொன்னான்.

அவன் ஆபீஸ் நண்பரின் அம்மா ஊரிலிருந்து வந்தபோது ஏர்போர்ட்டிலேயே பிடித்து உட்கார வைத்துவிட்டார்களாம். பையில் ஒரு பிடி அவரை விதையும் புடலை விதையும் இருந்திருக்கிறது. என்னென்ன கொண்டுவருகிறோம் என்று எழுதச் சொல்லி விமானத்தில் கொடுக்கும் கார்டில் அந்த அம்மா அதைச் சொல்லவில்லை. விசாவை ரத்து செய்து அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்புவோம் என்கிற அளவுக்குப் பேச்சு போய், கடைசியில் எப்படியோ விட்டார்களாம்.

"இங்க அதெல்லாம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டுக்கா. விதை, செடி, மண்ணு... இந்த மூணையும் மறைச்சுக் கொண்டாந்தா அவ்வளவுதான்."

நான் சிரித்த முகமாகத் தலையாட்டினேன். அவசரமாகப் பேச்சை முடித்து போனை வைத்தேன்.

ஏனென்றால் அதே நேரத்தில் என் பக்கத்து வீட்டு மல்லிகா, சிங்கப்பூரில் விமானம் மாறி, மெல்போர்னை நோக்கி நடுவானில் பறந்துகொண்டிருந்தாள். அவளுடைய சூட்கேஸுக்குள் நான் கொடுத்தனுப்பிய ஒரு பெட்டி இருந்தது. செந்திலின் புதுமனை புகுவிழாவுக்கு என் கையால் செய்த பரிசு.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவை: நெற்கதிர், வைக்கோல், வயல் மண்.

கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். கடையில் வாங்கிய பரிசை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். கல்யாணமோ, காதுகுத்தோ, ரிட்டயர்மென்ட்டோ... என் கையால் ஏதாவது செய்தால்தான் எனக்குத் திருப்தி. வாங்கிக்கொள்கிறவர்களுக்குத் திருப்தியா என்று நான் கேட்டதில்லை. ஒருமுறை தரங்கம்பாடிக் கடற்கரையில் சிப்பி பொறுக்கி வந்து, ஒரு சிநேகிதிக்கு போட்டோ ஃப்ரேம் செய்து கொடுத்தேன். ஒரு சிப்பிக்குள் அதன் சொந்தக்காரர் இன்னும் குடியிருந்திருக்கிறார் போலிருக்கிறது. நான்காம் நாள் அந்த வீட்டில் எலி செத்துவிட்டது என்று பீரோவை எல்லாம் நகர்த்தித் தேடினார்களாம். அதைக் கேட்ட பிறகும் நான் திருந்தவில்லை.

செந்தில் வீடு கட்டுகிறான் என்றதும் எனக்குக் கை பரபரத்தது. அவன் மனைவி வழியில் மூன்று சகோதரிகள். வெள்ளிக் குத்துவிளக்கு, டின்னர் செட் என்று ஆளுக்கொன்றாக அனுப்பப் போகிறார்கள் என்று காதில் விழுந்தது. அவர்கள் யாராலும் கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். பாசம் முக்கால்வாசி, வீம்பு கால்வாசி. உண்மையைச் சொன்னால் பாதிக்குப் பாதி.

கதிர்த் தோரணம் செய்வதாக முடிவு செய்தேன். முற்றிய நெற்கதிர்களைத் தாளோடு அறுத்து, தாளைச் சடையாகப் பின்னி, கதிர்களைக் குஞ்சம்போல் தொங்கவிட்டு வாசற்படியில் கட்டுவோமே, அதுதான். எங்கள் பக்கத்தில் புது வீட்டுக்குள் உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் போகும்போது நெல்லும் கூடவே போக வேண்டும். செந்தில் அந்த ஊரில் நெல்லுக்கு எங்கே போவான்?

நீடாமங்கலம் பக்கம் எங்கள் நிலம் குத்தகையில் இருக்கிறது. அறுவடை மெஷின் இறங்குவதற்கு முதல்நாள் நானே போய் ஒரு கை கதிர் அறுத்து வந்தேன். பின்னுவது நினைத்த மாதிரி இல்லை. காய்ந்த தாள் பட்பட்டென்று ஒடிந்தது. தண்ணீரில் ஊறவைத்தால் வளைந்தது, ஆனால் கதிரும் சேர்ந்து ஈரமானது. முதல் தோரணத்தை பால்கனியில் உலர்த்தியபோது அணில் தின்றது. இரண்டாவது, தூக்கும்போதெல்லாம் மணி உதிர்ந்தது. மூன்றாவதுதான் தேறியது. சிவப்பு நூல் சுற்றி, நடுவில் சின்னதாக ஒரு பித்தளை மணி கட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்தது பேக்கிங். கதிர் நசுங்கக் கூடாது. அதனால் ஒரு பட்டுச் சேலைப் பெட்டி. சுற்றிலும் ஏதாவது மெத்தென்று வைக்க வேண்டும். தெர்மோகோல் வைக்கலாமா? ஊருக்கெல்லாம் பிளாஸ்டிக்கை ஒழிக்கச் சொல்லி இந்தப் பக்கத்தில் எழுதிவிட்டு நானே தெர்மோகோல் வைப்பதா? வைக்கோல் வைத்தேன். இயற்கையோடு இயைந்த பேக்கிங்.

அதோடு நின்றிருக்கலாம். அங்கே துளசித் தொட்டியில் போட்டுக்கொள்ளட்டும் என்று குங்குமச் சிமிழ் ஒன்றில் நம் வயல் மண்ணை நிரப்பி ஓரத்தில் செருகினேன். அதைச் செருகியபோது எனக்குக் கண்கூடக் கலங்கியது. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பிரவுன் பேப்பர் சுற்றி, மேலே வெள்ளைப் பேனாவால் கோலம் போட்டு, சுற்றிச் சுற்றி டேப் ஒட்டி, ஒரு சீட்டும் கட்டினேன். அதில் 'அன்புடன், அக்கா' என்று எழுதினேன்.

மல்லிகா அடுத்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. கணவர் ராஜேந்திரன் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்கிறார். ஒரே மகள் அபிநயா மெல்போர்னில் இருக்கிறாள். நிறைமாதம், தலைப்பிரசவம். அதற்காகத்தான் மல்லிகா புறப்பட்டாள். திருச்சியைத் தாண்டிப் போனதே நாலைந்து தடவைதான் இருக்கும். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பாள், அவ்வளவுதான். ஆறு மாதமாக அவள் பேசியதெல்லாம் அந்தப் பயணத்தைப் பற்றித்தான்.

வெளிநாடு போகிறவர்களிடம் பொட்டலம் கொடுத்தனுப்புவது நம் ஊரில் ஒரு உரிமை. கேட்பதற்குக் கூச்சம் கிடையாது. மறுப்பதற்குத்தான் கூச்சம். நான் பெட்டியை நீட்டியதும் மல்லிகா சூட்கேஸைத் திறந்தாள். இடம் இல்லை. குழந்தைக்குத் தூளி கட்டவும் துவட்டவும் என்று நான்கு பழைய நூல் சேலைகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். அதில் இரண்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு என் பெட்டியை உள்ளே வைத்தாள்.

உள்ளே என்ன என்று அவள் ஜாடையாகக் கேட்கத்தான் செய்தாள். நான் சொல்லவில்லை. சஸ்பென்ஸ், செந்தில் கையால் பிரிக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

வியாழக்கிழமை காலை, போனை வைத்த கையோடு அந்தச் சிரிப்புதான் எனக்கு ஞாபகம் வந்தது.

நெல்லைக் கொடுத்தனுப்பும்போது இது விதையாயிற்றே என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? யோசித்துப் பார்த்தேன். தஞ்சாவூர்க்காரர்களுக்கு நெல்லை அப்படி நினைக்கத் தெரியாது. நாற்றங்காலில் தெளிக்கிற அன்றைக்கு மட்டும்தான் அது விதை. மற்ற நாளெல்லாம் அது நெல். வைக்கோல் மாட்டுக்கு. மண், மண்தான். செடி கொண்டு போகிறாயா என்று யாராவது கேட்டிருந்தால், ஒரு ரோஜாப் பதியனைக் கற்பனை செய்துகொண்டு, இல்லையே என்று சத்தியம் செய்திருப்பேன்.

மல்லிகாவுக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டேன். 'பெட்டியில் நெல் இருக்கிறது. இறங்கியதும் ஆபீஸரிடம் நீயே சொல்லிவிடு.' ஒற்றை டிக். அழைத்துப் பார்த்தேன், போகவில்லை. ஆகாயத்தில் இருக்கிறவளை எப்படிப் பிடிப்பது? அபிநயாவுக்குச் சொல்லலாமா? நிறைமாத கர்ப்பிணியிடம், உன் அம்மாவை ஏர்போர்ட்டில் பிடித்தாலும் பிடிப்பார்கள் என்று எந்த வாயால் சொல்வது?

இன்டர்நெட்டில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. பெட்டிகளுக்கு நடுவே ஒரு நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு வரும் படம் முதலில் வந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு நாய் படுத்திருந்தாலே மல்லிகா அடுத்த தெரு வழியாகச் சுற்றி வருவாள். அந்த நாய் அவள் சூட்கேஸ் பக்கத்தில் வந்து உட்காருவதும், யூனிஃபார்ம் போட்ட யாரோ அவளை இங்கிலீஷில் அதட்டுவதும், பதில் சொல்லத் தெரியாமல் அவள் விழிப்பதும் என் கண்முன்னால் வந்துகொண்டே இருந்தன. மகள் அங்கே வலி எடுத்துத் துடிக்கும்போது இவளைத் திரும்ப விமானம் ஏற்றிவிட்டால்? எல்லாம் எதற்காக? வெள்ளிக் குத்துவிளக்கோடு நான் போட்ட போட்டிக்காக.

விமானம் எங்கே போகிறது என்று காட்டும் ஆப் ஒன்றை இறக்கினேன். நீலக் கடல் மேல் ஒரு குட்டி மஞ்சள் விமானம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தேன். அது கரையை நெருங்க நெருங்க எனக்குப் பயம் கூடியது.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பதினொன்றரை மணி வாக்கில், கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தபோது, எனக்கு அந்தச் சீட்டு நினைவுக்கு வந்தது. 'அன்புடன், அக்கா.' என் பெயர் அதில் இல்லை. அட்ரஸ் இல்லை. போன் நம்பர் இல்லை. அது யார் கொடுத்த பெட்டி என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. அப்பாடா என்று இருந்தது.

ஒரு நிமிடம்கூட நீடித்திருக்காது அந்த நிம்மதி. ஆனால் வந்தது வந்ததுதான். என்ன பிறவி நான் என்று கூசிப்போனேன். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு ராஜேந்திரனைத் தேடிக் கிளம்பினேன். முதலிலேயே அவரிடம் போயிருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தைக் கூடத்திலேயே கழித்திருந்தேன்.

அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் இருந்தார். சம்பா அறுவடை முடிந்து, அவருடைய நெல் வரிசையில் காத்திருந்தது. களம் முழுக்கக் குவியல் குவியலாக நெல். தார்ப்பாய் மூடிய நெல், மூடாத நெல், சாக்கில் நெல், ரோட்டோரம் காயும் நெல், என் செருப்புக்கடியில் நெல். இத்தனை நெல்லுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஒரு கை கதிரைப் பற்றி நான் என்னவென்று சொல்வேன்? ஆனாலும் சொன்னேன். நெல், வைக்கோல், மண், செந்தில் சொன்னது... ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மெதுவாகத் துடைத்துக்கொண்டார்.

"உள்ள என்ன இருக்குன்னு கேட்டுட்டு வான்னு நான் சொன்னேங்கக்கா. மல்லிகாதான், அக்கா ஆசையா செஞ்சுருக்காங்க, நோண்டி நோண்டிக் கேட்டா மனசு கஷ்டப்படும்னு சொல்லிருச்சு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மருமகன் பிரவீனுக்கு போன் போட்டார். அவர்தான் மல்லிகாவை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துவரப் போகிறவர். நடந்ததையெல்லாம் பிரவீன் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் அபிநயா ஒரு மாதிரிக் கார்டில் எங்கெங்கே டிக் போட வேண்டும் என்று போட்டு, அதைப் போட்டோ எடுத்து முன்பே அனுப்பியிருக்கிறாள். இட்லிப் பொடி, பிரசவ மருந்து எல்லாம் இருப்பதால் உணவுப் பொருளுக்கு ஆமாம். செடி, விதை, மண்ணுக்கு இல்லை. மல்லிகா அதைப் பார்த்து அப்படியே காப்பியடிப்பாள்.

அதாவது, இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு, பெட்டிக்குள் அத்தனையையும் வைத்துக்கொண்டு இறங்கப் போகிறாள்.

ராஜேந்திரன் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்காரச் சொன்னார். பக்கத்தில் நின்ற பையனிடம் டீ வாங்கிவரச் சொன்னார். குடிக்க முடியவில்லை.

இரண்டரை மணிக்கு ஆப்பில் விமானம் தரையைத் தொட்டது. மூன்று மணி... மூன்றரை... பிரவீன் வாசலிலேயே நிற்பதாக மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார். அதே விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களாம். அத்தையை மட்டும் காணோமாம். ராஜேந்திரன் தன் நெல்லின் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவருடைய முறை வந்தபோது, அதைப் பின்னால் இருந்தவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். செந்திலுக்கு போன் பண்ணலாம் என்று இரண்டு முறை எடுத்தேன். அவன் என்ன செய்ய முடியும் என்று வைத்துவிட்டேன்.

பரிசு கொடுப்பதைப் பற்றி நான் அந்தச் சாக்கு மேல் உட்கார்ந்து யோசித்த அளவுக்கு என்றைக்கும் யோசித்ததில்லை. சஸ்பென்ஸ், சர்ப்ரைஸ் என்கிறோமே, அந்தச் சந்தோஷம் யாருடையது? முழுக்கக் கொடுக்கிறவருடையது. ரகசியம் என்னுடையது, பெருமை என்னுடையது. அதைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டுகிற கை மட்டும் வேறொருவருடையது. அவளுக்கு அந்தப் பெட்டியில் இருந்தது வெறும் பாரம். அழகான பேப்பர் சுற்றி, கோலம் போட்ட பாரம்.

நாலேகாலுக்குப் பிரவீனிடமிருந்து மெசேஜ். 'அத்தை வந்துட்டாங்க மாமா. சிரிச்சுட்டே வர்றாங்க.'

ராஜேந்திரன் போனை என்னிடம் காட்டினார். எழுந்து போய் ஒரு குவியலின் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினார். நான் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தேன்.

ஆறு மணிக்கு மல்லிகாவே அழைத்தாள். அபிநயாவின் வீட்டில் குளித்து, சாப்பிட்டு, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நடந்தது இதுதான். விமானத்தில் கார்டு கொடுத்ததும் அவள் போட்டோவைப் பார்த்து எழுத ஆரம்பித்திருக்கிறாள். பாதியில் என் பெட்டி ஞாபகம் வந்திருக்கிறது. பேனாவை வைத்துவிட்டு யோசித்திருக்கிறாள்.

"என்ன இருக்குன்னே தெரியாத பொருளுக்கு இல்லைன்னு எப்படிங்கக்கா எழுதுறது? அதான், வர்றது வரட்டும்னு எல்லாக் கட்டத்துலயும் ஆமான்னு போட்டுட்டேன்."

எல்லாக் கட்டத்திலும் என்றால் எல்லாக் கட்டத்திலும். துப்பாக்கி இருக்கிறதா, போதை மருந்து இருக்கிறதா என்பதற்கும் ஆமாம். அதைப் பார்த்துதான் தனியாக அழைத்துப் போயிருக்கிறார்கள். தாமதத்துக்குக் காரணம் நெல் இல்லை, துப்பாக்கி. போனில் தமிழ் பேசும் ஒருவரைப் பிடித்துக் கொடுத்து, ஒவ்வொரு கட்டமாக விசாரித்து, நம்மவள் விஷயம் இன்னதென்று புரிந்ததும் அந்த ஆபீஸர் அம்மா வாய்விட்டுச் சிரித்தாராம். பிறகு பெட்டியைத் திறந்தார்கள்.

அந்த அம்மா கையுறை போட்டுக்கொண்டு, தோரணத்தை இரண்டு கையாலும் மேலே தூக்கி, பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாராம். மணிகூடக் கிணுங்கியதாம். "ரொம்ப அழகா இருக்குன்னு சொல்லிக்கிட்டே குப்பைப் பையில போட்டாங்கக்கா," என்றாள் மல்லிகா. வைக்கோலும் பின்னாலேயே போனது. மண்ணும், சிமிழோடு போனது. நீங்களாகச் சொல்லிவிட்டதால் உங்கள் மேல் ஒன்றும் இல்லை, போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

நாலு நாள் உழைத்த தோரணம். அது போனதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இட்லிப் பொடியை எடுக்காமல் விட்டுவிட்டார்கள் என்கிற சந்தோஷத்தில் இருந்தாள்.

போனை வைக்கப் போகும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இதை யார் கொடுத்தார்கள் என்று அவர்கள் கேட்கவில்லையா?

கேட்டார்களாம். இரண்டு முறை கேட்டார்களாம்.

"நான்தான் செஞ்சேன்னு சொல்லிட்டேங்கக்கா. உங்க பேரச் சொல்லப் போயி, அத எழுதிக்கிட்டாங்கன்னா? நீங்க பத்திரிகையில எல்லாம் எழுதுறவங்க. நாளைக்கே செந்தில் வீட்டுக்கு நீங்க வரணும்னா, உங்களுக்கு விசா கிடைக்க வேணாமா?"

அந்த ஆபீஸர் அம்மாவின் கேள்விக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் நான் கொள்முதல் நிலையத்தில் சாக்கு மேல் உட்கார்ந்திருந்திருப்பேன். அதற்கு முன்னால், கூடத்தில் நடந்தபோது அப்பாடா என்று இருந்த அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேருமே என் பெயரைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். அவள் அங்கே, நான் இங்கே.